புது வீல், பழைய ஹப்: 1970 எம்ஜிபி ரோட்ஸ்டரில் ஸ்போக் வீல், டயர் மாற்றம் – நிகழ்வு ஆய்வு

வண்டி 1970ல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேற்கூரை திறக்கும் இரண்டு இருக்கை பிரிட்டிஷ் கார். 14 அங்குல ஸ்போக் வீல், 60 கம்பி, 4.5 அங்குல அகல ரிம். நடுவில் காது இல்லாத எண்கோண நட். பின்னால் குழாய் வகை ஆக்சில், பல்சக்கர விகிதம் 3.909. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த மாடல் என்பதால் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. எளிதில் கிடைப்பதே சில சமயம் வினையாகிவிடுகிறது. பளபளப்பாகத் தெரிவதை முதலில் வாங்கிவிட்டு, அது எதன் மேல் உட்காரப்போகிறது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள்.

இந்த வண்டியில் புகார்கள் மூன்று. மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் ஸ்டியரிங் வெடவெடவென ஆடுகிறது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு பேர் உட்கார்ந்து வலப்பக்கம் வளைந்தால் இடது பின் டயர் மட்கார்டில் உரசுகிறது. உரிமையாளர் கேட்டது புது வீல் ஐந்து, புது டயர் ஐந்து, புது ட்யூப் ஐந்து. ஸ்டெப்னியும் அதில் அடக்கம். வீல் உட்காரும் நடுப்பகுதியான ஹப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் மூன்று புகார்களில் ஒன்று ஹப்பில்தான் இருந்தது.

கழற்றும்போது கிடைத்த தகவல்கள்

போல்ட் வீலில் வண்டியின் இழுவிசையும் பிரேக் விசையும் நான்கு போல்ட் முறுக்கத்தின் பிடிப்பில் கடக்கின்றன. ஸ்போக் வீலில் அந்த வேலையைச் செய்வது ஸ்ப்லைன் எனப்படும் நீளவாக்குப் பற்கள். ஹப்பின் வெளிப்பக்கப் பற்களும் வீலின் உட்பக்கப் பற்களும் கோத்துக்கொள்ள, நடு நட் வீலை இரண்டு கூம்பு முகங்களுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கிறது. நட் கொஞ்சம் தளர்ந்தாலும், கிரீஸ் வறண்டாலும், ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பல் பல்லோடு உரசும். தேய்மானம் ஒரு பக்கமாக மட்டும் இருக்காது; பிரேக்குக்கு ஒரு முகம், இழுவைக்கு மறு முகம். பின் ஹப்புக்கு இரண்டு வேலையும் உண்டு. அதனால் பின்பக்கம் முதலில் தேய்வது வழக்கம்.

நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கூர்மையாகும். விரலால் தடவினால் அரம் போலக் கீறினால் அந்த ஹப் முடிந்துபோனது, யோசிக்கவே வேண்டியதில்லை. இந்த வண்டியில் முன் ஹப் இரண்டிலும் தலை தட்டையாகவே இருந்தது. பின் ஹப் இரண்டும் கூர்ந்திருந்தன, இடதுபக்கம் அதிகம்.

கண்ணால் பார்த்ததை அளவாகவும் எடுக்க ஒரு வழி இருக்கிறது. தேய்மானம் அறவே இல்லாத வீல் ஒன்றை (இங்கே புதிதாக வந்த வீலையே) ஹப்பில் ஏற்றி, நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வீலை முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். ரிம் விளிம்பில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்க வேண்டும். முன் ஹப்களில் 1 மி.மீ.க்குள் அடங்கியது. பின்னால் வலது 4, இடது 5 மி.மீ. ரிம்மின் ஆரம் ஸ்ப்லைனின் ஆரத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். எனவே விளிம்பில் 5 மி.மீ. என்றால் பல்லில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி. ‘டக்’ சத்தத்துக்கு அது தாராளமாகப் போதும்.

புது வீலைத் தேய்ந்த ஹப்பில் மாட்டுவது மிகப் பரவலான தவறு. கூர்ந்த பல் புதுப் பல்லின் முழு முகத்தையும் தொடாது, ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும். புது வீலின் பல் அந்தக் கோட்டிலிருந்து தேயத் தொடங்கி, பழைய வீல் எத்தனையோ வருடத்தில் அடைந்த நிலையைச் சீக்கிரமே எட்டிவிடும். புது ஹப்பில் தேய்ந்த வீலை மாட்டினாலும் இதே கதை. பின்பக்கம் இரண்டு ஹப்பையும் வீலோடு சேர்த்து மாற்றுவதென்று இந்த இடத்தில் முடிவானது.

ஹப் வாங்கும்போது மரையைப் பார்க்க வேண்டும். எம்ஜிபியில் ஆரம்பகால பாஞ்சோ ஆக்சில் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 12 மரை. பின்னாளைய குழாய் ஆக்சில் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 8 மரை. ஐம்பது வருடத்தில் ஆக்சிலோ ஹப்போ மாறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே தயாரித்த வருடத்தை நம்பாமல் ஹப்பின் மேல் ஸ்கேலை வைத்து எண்ணுவதே சரி. 12 மரை ஹப்பில் 8 மரை நட்டைத் திருகினால் முதல் சுற்றிலேயே இறுகும். அதற்கு மேல் பலம் போட்டால் இரண்டும் வீண்.

இடம், வலம் பார்ப்பது இன்னும் முக்கியம். வண்டியின் இடதுபக்க ஹப்பில் வலது மரை, வலதுபக்க ஹப்பில் இடது மரை. அதாவது இடதுபக்க நட் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும், வலதுபக்கம் கடிகாரத் திசையில். வண்டி முன்னால் போகும்போது வீல் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் திருப்பினால் நட் கழலும் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஓட்டத்தில் கூம்பு முகங்களுக்கு இடையே ஏற்படும் மெல்லிய நகர்வு நட்டை இறுக்கும் திசையிலேயே இழுக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. ஹப்பை இடம் மாற்றிப் போட்டால் அதே நகர்வு நட்டைக் கழற்றிவிடும். ஆக்சிலைப் பிரித்துச் சேர்த்த பழைய வண்டிகளில் இப்படி மாறிக் கிடப்பதைப் பார்க்க முடிகிறது. நட்டின் முகத்தில் பக்கமும் கழற்றும் திசை அம்பும் பொறித்திருந்தும்.

பழைய வீல்களைப் பற்றிச் சுருக்கமாக: முன் இடது வீலில் பக்கவாட்டுக் கோட்டம் 3 மி.மீ. ஸ்பேனரால் ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் தட்டியபோது ஏழெட்டுக் கம்பிகள் மணியோசை இல்லாமல் ‘தட்’ என்றன. கோட்டம் எடுத்து, கம்பி மாற்றி மீட்டிருக்கலாம். நடுப் பல் தேய்ந்த வீலுக்கு அந்தச் செலவு வீண்.

165 ஏன், 185 ஏன் இல்லை

வண்டியில் இருந்தவை 185/70 ஆர்14 டயர்கள்: அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம். பட்டனுக்கு, அதாவது தரையைத் தொடும் வரிகளுக்கு, குறைவில்லை. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் முடிவில் இருந்த நான்கு இலக்கம் 2309. அதாவது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் அடிவாரத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. வருடத்துக்குச் சில ஆயிரம் கி.மீ. ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து சாவதில்லை, மூப்பில் சாகிறது. ஆறு வருடத்திலிருந்து ஆண்டுதோறும் பார்ப்பதும், பத்து வருடத்தில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதும் நியாயமான கணக்கு. நான்கு இலக்கத் தேதி 2000த்துக்குப் பிறகு வந்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது அதற்கும் முந்தைய டயர். மேலே படிக்காமல் கழற்றிவிடலாம்.

இந்த மாடலில் தொடக்கத்தில் வந்தது 5.60-14 கிராஸ் பிளை டயர் (உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை). ரேடியல் விரும்பியவர்களுக்கு 155, 165 அளவுகள் இருந்தன. 185/70 பின்னாளில் பலரும் தேர்ந்த அளவு. கிடைப்பது எளிது, பார்க்கவும் தடிமனாக இருக்கும். விட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 165/80 ஆர்14 டயரின் கணக்கு விட்டம் ரிம்மின் 355.6 உடன் இரு பக்கச் சுவர்களின் 264 சேர்த்து 619.6 மி.மீ.; 185/70க்கு 355.6 உடன் 259 சேர்த்து 614.6. ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதம்கூட மாறாது.

சிக்கல் அகலத்தில். 185/70 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 4.5 முதல் 6 அங்குலம். இந்த ரிம் 4.5. கீழ் எல்லையில் நிற்கிறது. குறுகிய ரிம்மில் அகல டயர் உட்காரும்போது அடிவாரம் உள்ளே இழுபட்டு, பக்கச் சுவர் வெளியே உப்பி, பட்டன் நடுவில் மேடாகிறது. வளைவில் டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் சாய்கிறது. ஸ்டியரிங் திருப்பியதும் ஒரு கணம் தாமதமாகத்தான் வண்டி கேட்கிறது. 165/80க்கு எல்லை 4 முதல் 5.5 அங்குலம், அதில் 4.5 சௌகரியமாக விழுகிறது.

உரசலுக்கும் இதே விடை. 20 மி.மீ. அகலக் குறைவு என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மி.மீ. இந்த வண்டியில் இடது பின் டயருக்கும் மட்கார்டின் மடிப்பு விளிம்புக்கும் இடையே 7 மி.மீ., வலதுபக்கம் 13 மி.மீ. இருந்தன. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று எந்தப் பழைய வண்டியையும் நம்பக்கூடாது. இலை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் அமுங்கியிருக்கலாம், மட்கார்டு தட்டி எடுத்ததாக இருக்கலாம், உடல் வெல்டிங்கிலேயே வேறுபாடு இருக்கலாம். இங்கே புஷ் நல்ல நிலையில் இருந்தது. மடிப்பு விளிம்பைச் சுத்தியால் மடக்கி இடம் உண்டாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெயின்ட் விரிசல் விட்டு, அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். டயரை மாற்றுவது மலிவு.

தேர்ந்த 165/80 டயரின் எடைக் குறியீட்டில் கவலைக்கு இடமில்லை. 84 என்றால் ஒரு டயருக்கு 500 கிலோ. வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வேகக் குறியீடு டி, 190 கி.மீ. இந்த எஞ்சினுக்கு அது போதும்.

ஸ்போக் வீலுக்குப் பதில் போல்ட் வீலுக்கே மாறிவிடலாமா என்ற கேள்வியும் வந்தது. எம்ஜிபியில் ஸ்போக் வீலுக்கான பின் ஆக்சில், போல்ட் வீலுக்கான ஆக்சிலைவிடக் குறுகியது. ஹப்பை மட்டும் மாற்றிப் போல்ட் வீல் போட்டால் வீல் நிற்கும் இடமே மாறிவிடும். ஒழுங்காகச் செய்வதென்றால் ஆக்சிலே மாற வேண்டும். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பின் ஹப் மாற்றம்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி இந்த வேலையைத் தொடக்கூடாது. பின் இலை ஸ்பிரிங்கின் முன் பிடிமானத்துக்கு அருகில் ஸ்டாண்டு கொடுத்து, முன் வீலுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஆக்சில் நட் 150 பவுண்டு-அடி, அதாவது 203 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இருப்பது. கழற்றப் பெரிய விசை தேவை. டிரம்மைக் கழற்றும் முன்பே, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்திருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். டிரம் போன பிறகு ஹப்பைப் பிடிக்க வழியில்லாமல் திண்டாடுவார்கள்.

ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட், அதன் கீழே இருக்கும் கூம்பு வளையம், பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டு டிரம், கடைசியாக ஹப். ஹப் கையோடு வராது. புல்லர் மாட்டி இழுக்க வேண்டும். சுத்தியால் பின்னாலிருந்து அடித்தால் அந்த அடி ஆக்சில் பேரிங்கில்தான் விழும். இடதுபக்கம் ஆயில் சீல் கசிந்து பிரேக் ஷூவின் விளிம்பு நனைந்திருந்தது. ஹப் வெளியே வந்த நிலையில் சீல் மாற்றுவது சில நிமிட வேலை. பிறகு என்று தள்ளினால் இத்தனையும் மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சீல் மாற்றப்பட்டது. எண்ணெய் ஏறிய ஷூவைத் துடைத்துப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை, சூடேறியதும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். ஷூவும் ஜோடியாக மாறியது.

முறுக்கும்போது 150 பவுண்டு-அடியில் ஸ்பிலிட் பின் துளை ஒத்துவரவில்லை என்றால் அடுத்த துளை வரை இன்னும் இறுக்க வேண்டும். பின்னால் தளர்த்தி ஒத்துவரவைக்கக்கூடாது.

முன் ஹப் மாறவில்லை, ஆனால் பேரிங் ஆட்டம் பார்க்கப்பட்டது. இந்த வண்டியில் இரண்டு டேப்பர் பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசரும் ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையங்களும் உண்டு. நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடிக்குள் முழுமையாக முறுக்கிய நிலையிலும் 0.05 முதல் 0.10 மி.மீ. ஆட்டம் மீதம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தை ஷிம் தீர்மானிக்கிறது, நட் அல்ல. பிற வண்டிகளில் செய்வதுபோல இறுக்கிவிட்டு ஒரு முகம் தளர்த்துவது இங்கே செல்லாது. வலது 0.08, இடது 0.18. இடதுபக்கம் ஒரு ஷிம் எடுத்து 0.09க்குக் கொண்டுவரப்பட்டது. ஸ்டியரிங் ஆட்டத்தில் இதற்கும் ஒரு சிறு பங்கு இருந்திருக்கும்.

வீல், ட்யூப், டயர்

பெட்டியிலிருந்து வந்த புது ஸ்போக் வீல் அப்படியே மாட்டுவதற்குத் தயாரானது என்று நினைக்கக்கூடாது. ஐந்திலும் கோட்டம் அளந்தபோது நான்கு வீல்களில் பக்கவாட்டிலும் மேல்கீழிலும் 1 மி.மீ.க்குள் இருந்தது. ஒன்றில் மேல்கீழ் 1.6. நடைமுறையில் 1.5 மி.மீ.யை எல்லையாக வைப்பது நல்லது. அந்த ஒன்று ஸ்டெப்னிக்குப் போனது. திருத்த விரும்பினால் டயர் ஏற்றும் முன்பே திருத்த வேண்டும். காற்றடித்த டயரோடு நிப்பிளை (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டை) திருகினால் கம்பியின் நுனி உள்ளே நீண்டு ட்யூபைக் குத்தும்.

அடுத்து ரிம்மின் உட்பக்கம். ஒவ்வொரு நிப்பிள் தலையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நிப்பிளுக்கு மேல் நீண்ட கம்பி இருந்தால் அரத்தால் சமன்செய்து, தூளைத் துடைத்தெடுக்க வேண்டும். அதன் மேல் ரப்பர் ரிம் பட்டை. பட்டையின் வால்வ் துளை ரிம் துளைக்கு நேராக நிற்க வேண்டும். முறுக்கியோ மடிந்தோ இருக்கக்கூடாது.

கம்பித் துளைகளை அடைத்த, ட்யூப் வேண்டாத ஸ்போக் வீல்களும் உண்டு. இந்த வீல்கள் அந்த வகை அல்ல. ட்யூப் வாங்கும்போது வால்வ் தண்டைப் பார்க்க வேண்டும். ரப்பர் போர்த்திய டிஆர்13 வால்வுக்கு 11.5 மி.மீ. அளவில் துளை, டிஆர்15க்கு 16 மி.மீ. அளவில். பெரிய துளையில் சிறிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி, துளையின் விளிம்பில் அறுந்து, ஓட்டத்திலேயே மொத்தக் காற்றும் போகும். ட்யூப் பஞ்சரில் மோசமானது இதுதான். துளை பெரிதென்றால் அதற்கேற்ற ரப்பர் வளையம் போட வேண்டும்.

பழைய டயர்களைக் கழற்றியபோது இரண்டில் உட்பக்கம் காகித லேபிள் ஒட்டியபடியே இருந்தது. அந்த லேபிளின் விளிம்பு அச்சு ட்யூபில் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு ட்யூபில் அந்த இடம் தாள் போல மெலிந்திருந்தது. இன்றைய டயர்கள் ட்யூப் இல்லாமல் ஓடுவதற்காகச் செய்யப்படுபவை. உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. வரிகளும் ஓரங்களும் இருக்கும். லேபிளை உரித்து, பசையைத் துடைத்து, மேடான வரிகளை நயமான உப்புத்தாளால் தேய்த்து, டால்கம் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். அள்ளிக் கொட்டினால் ஒரு பக்கம் கட்டிதட்டி, அதுவே பேலன்ஸைக் கெடுக்கும்.

ட்யூபைச் சிறிது காற்றோடு, உருவம் வரும் அளவுக்கு மட்டும், உள்ளே வைத்து டயர் ஏற்றப்பட்டது. விளிம்பு உட்கார்வதற்கு 40 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயல வேண்டும். உட்கார்ந்ததும் வால்வ் ஊசியை எடுத்து முழுக் காற்றையும் விட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். முதல் முறை அடிக்கும்போது ட்யூப் சில இடங்களில் டயரோடு ஒட்டிக்கொண்டு, மீதி இடம் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். ஒரு முறை விட்டு அடித்தால் மடிப்பும் இழுவையும் சீராகிவிடும். பல கடைகளில் நேரம் மிச்சம் என்று இதைத் தவிர்க்கிறார்கள். சில மாதம் கழித்து மடிப்பு ஓரத்தில் பஞ்சர் ஆகும்போது ட்யூபின் தரத்தின் மேல் பழி விழும்.

பேலன்ஸிங்

ஸ்போக் வீல் என்றாலே ஆடத்தான் செய்யும் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கே பிறப்பது. ஹப்பில் இந்த வீல் இரண்டு கூம்பு முகங்களால் மையம் பிடிக்கிறது: உட்பக்கம் ஹப்பின் கூம்பு, வெளிப்பக்கம் நட்டின் கூம்பு. ஸ்ப்லைன் பல் மையம் பிடிப்பதில்லை. ஆனால் சாதாரண பேலன்ஸிங் மெஷினில் கையில் கிடைத்த கூம்பை நடுத் துளையில் செருகி இறுக்குகிறார்கள். அது பல்லின் ஓரத்தில் எங்கோ உட்காரும். மெஷின் பொய் சொல்வதில்லை. ஆனால் மெஷினில் வீல் சுற்றும் அச்சும் வண்டியில் அது சுற்றும் அச்சும் வேறுவேறு.

இந்த வீல்களின் முதல் பேலன்ஸிங் வெளியே ஒரு கடையில் அப்படித்தான் நடந்தது. மெஷின் பூஜ்யம் காட்டியது. வண்டியில் 85 கி.மீ.யில் ஆட்டம் முன்பைவிடக் குறைவு, ஆனால் போகவில்லை. சந்தேகம் தீர்க்கும் சோதனை எளியது. பூஜ்யம் காட்டிய வீலைத் தளர்த்தி, மெஷின் தண்டில் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றுவது. பிடிமானம் சரி என்றால் 5 அல்லது 10 கிராமுக்கு மேல் மாறக்கூடாது. ஒரு முன் வீலில் 45 கிராம் காட்டியது. வீலின் குறை அல்ல, பிடித்த விதத்தின் குறை.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை அதிர்வெண்ணை வைத்தும் பிரிக்கலாம். இந்த டயரின் உருளும் சுற்றளவு ஏறக்குறைய 1.89 மீட்டர். 85 கி.மீ. வேகத்தில் வீல் விநாடிக்குப் பன்னிரண்டரை முறை சுற்றும். எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல 3.909 மடங்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 49. முதலாவது கையில் எண்ணக்கூடிய உதறலாகத் தெரியும், இரண்டாவது இருக்கைக்கு அடியில் ரீங்காரமாகக் கேட்கும். ஸ்டியரிங்கில் உதறினால் முன் வீல். இருக்கையில் உதறினால் பின் வீல். இங்கே ஸ்டியரிங்கில், மெதுவான உதறல்.

தீர்வாக, கழற்றிய பழைய பின் ஹப்பின் உள்கூம்பு தேயாமல் இருந்ததால் அதையே அடாப்டராக மாற்றி, ஒரு நட்டோடு சேர்த்து மெஷின் தண்டில் மையம் பார்த்துப் பொருத்தினார்கள். வண்டியில் உட்காரும் அதே இரு முகங்களில் வீல் உட்கார்ந்தது. அரைச் சுற்றுச் சோதனையில் வேறுபாடு 5 கிராமுக்குள் வந்தது. எடைகள் ரிம்மின் உட்பக்கம் ஒட்டும் வகை. ரிம் விளிம்பில் அடித்து மாட்டும் வகை பெயின்டைக் கிழித்து அங்கே துருவைத் தொடங்கும். ஒரு வீலுக்கு 80 கிராம் கேட்டது. எடையைக் குவிப்பதற்குப் பதில் டயரை ரிம்மில் அரைச் சுற்று நகர்த்தியபோது 30 கிராமாக இறங்கியது. டயரின் கனத்த பகுதியும் வீலின் கனத்த பகுதியும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

மாட்டுவதும் முறுக்குவதும்

ஸ்ப்லைனில் மெல்லிய கிரீஸ் பூச்சு. பல் வறண்டிருந்தால் துருவேறி வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை கழற்ற நாள் முழுக்கப் போராட வேண்டும். அதிகமாக அப்பினால் வெளியே சிதறி ஸ்போக் எல்லாம் அழுக்கு அப்பும். மரையிலும் ஒரு தீற்று.

கூம்பு முகங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். மார்க்கிங் நீலத்தை (தொடும் இடத்தைக் காட்டும் சாயத்தை) ஹப்பின் கூம்பில் மெல்லத் தடவி, வீலை ஏற்றி, நட்டை இறுக்கிக் கழற்றினால் வீலின் முகத்தில் நீலம் முழு வட்டமாகப் பதிய வேண்டும். இந்த வீல்களில் பாதி வட்டமே பதிந்தது. காரணம், வீலுக்கு அடித்த பெயின்ட் கூம்பு முகத்திலும் தடிப்பாகப் படிந்திருந்தது. பெயின்டின் மேல் இறுக்கிய நட் அப்போது இறுகியதாகவே தோன்றும். ஓட்டத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் பெயின்ட் நசுங்கி வெளியேறியதும் பிடிப்பு போய்விடும். ஐந்து வீல்களிலும் இரு முகங்களையும் பெயின்ட் நீக்கித் திரவத்தால் உலோகம் தெரியும்வரை துடைத்தெடுத்த பிறகு வட்டம் முழுமையாகப் பதிந்தது. சாணைக்கல்லோ அரமோ அந்த முகத்தில் படக்கூடாது. பழைய வீலுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பவர்கள் கொடுக்கும் முன்பே கூம்பையும் பல்லையும் மூடிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பவுடர் பூச்சு சாதாரணப் பெயின்டைவிடத் தடிமன்.

நட்டை முறுக்கும்போது வீல் தரையைத் தொடக்கூடாது. வண்டியின் பாரம் ஏறியிருந்தால் வீல் கூம்பில் மையமாக உட்காராமல் கீழே சற்று இறங்கியபடியே பிடிபடும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, எண்கோண நட்டின் ஸ்பேனரைப் பொருத்தி, செம்புச் சுத்தியால் நட் நகர்வது நிற்கும்வரை அடிக்க வேண்டும். சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். இரும்புச் சுத்தி கூடவே கூடாது.

முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி தூக்கி அடித்துப் பார்த்தபோது முன் இரண்டும் நகரவில்லை. பின்னால் புது ஹப், புது வீல் என்பதால் எண்கோணத்தின் ஒரு முகத்தில் பாதி அளவு கூடுதலாக ஏறியது. 200 கி.மீ.யில் பார்த்தபோது எதுவும் நகரவில்லை. ஒவ்வொரு முறையும் கணிசமாக ஏறிக்கொண்டே இருந்தால் கூம்பு சரியில்லை, மரை தேய்ந்தது, அல்லது ஹப் பக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முன் வீல் டோ-இன் (இரு முன் வீல்களும் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மி.மீ.க்குள் இருக்க வேண்டியது; 4 மி.மீ. இருந்தது, 2க்குத் திருத்தப்பட்டது. காற்று அழுத்தத்துக்கு ரேடியல் டயருக்கான பழைய கையேட்டு அளவு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. அதில் ஓட்டினால் மெத்தென்று இருக்கும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். முன்னால் 24, பின்னால் 26ல் தொடங்கி, ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை பட்டன் தேயும் விதத்தைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைப்பது இந்த டயர்களுக்குப் பொருந்தியது. முன்னைவிடப் பின்னால் இரண்டு மூன்று கூடுதல் என்ற வித்தியாசத்தை மட்டும் மாற்றக்கூடாது.

இப்போதைய நிலையில் 110 கி.மீ. வரை ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது. ‘டக்’ சத்தம் இல்லை. இடது பின் டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி 16 மி.மீ. முன் ஹப்கள் பழையவையே என்பதால் ஆண்டுக்கொருமுறை நட்டைத் தளர்த்தி அந்த ரிம் விளிம்பு ஆட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். 2 மி.மீ.யை எட்டினால் முன்பக்கமும் ஜோடியாக மாற்றுவது, வீல் கெடும் முன் செய்வது. முதல் 500 கி.மீ.க்குப் பிறகு எல்லா ஸ்போக்கையும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதுக் கம்பிகள் அமர்ந்த பிறகு ஒன்றிரண்டு தளர்வது வழக்கம். டிக்கியில் ஸ்டெப்னியோடு எண்கோண ஸ்பேனரும் செம்புச் சுத்தியும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண வீல் ஸ்பேனரால் இந்த நட்டை அசைக்க முடியாது.